துறைமுக நகரில் இரு மொழிகள்

பத்திரிகைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர், பிரெஞ்சு, ஜேர்மன் ஆகிய இரு மொழிகளையும் பட்டப்படிப்பாகத் தொலைக்கல்வி வழியே கற்று வருகின்றேன். "திருகோணமலையில் இருந்துகொண்டு இவற்றை யாரோடு பேசப் போகின்றீர்கள்?" என்று நண்பர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான்.

தொலைவிலிருந்து பட்டம் பெறுவது நமக்குப் புதிதன்று. கல்லூரியில் சேராதவரும் பரீட்சை எழுதிப் பட்டம் பெற இலண்டன் பல்கலைக்கழகம் 1858இலேயே கதவைத் திறந்துவிட்டது. ஆசிரியராகப் பணிபுரிந்தவாறே 1920இல் அதன் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றவர் பண்டிதர் மயில்வாகனனார். சுவாமி விபுலாநந்தராகிய பின் எமது நகரின் இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்தியவரும் அவரே.

பிரெஞ்சு மொழியும் இக்கரைக்குப் புதிதன்று. 1672இல் பிரெஞ்சுக் கப்பற்படை கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1782 ஆகஸ்டில் தளபதி சுஃப்ரென் திருகோணமலையைக் கைப்பற்றினார். சில நாள்களில், செப்டெம்பர் 3ஆம் திகதி, ஆங்கிலேயக் கப்பல்களோடு வெளிக்கடலில் பெரும் சமர் நடந்தது. 1784இல் நகரம் மீண்டும் ஒல்லாந்தரிடம் சென்றது. அன்று அவர்கள் பீரங்கிகளோடு நம்மிடம் வந்தார்கள். 1983க்குப் பின்னர் நம்மவர்கள் வெறுங்கையோடு அவர்களிடம் சென்றார்கள். இன்று பாரிஸின் லா சப்பலில் தமிழ்க் கடைத்தெரு இருக்கின்றது. ஜேர்மனியின் ஹம் நகரில் காமாட்சி அம்பாளுக்குத் தேர் ஓடுகின்றது.

பாடத்துக்கு வருவோம். தமிழில் பால் பொருளைச் சார்ந்தது. இம்மொழிகளில் சொல்லைச் சார்ந்தது. பிரெஞ்சில் கடல் 'லா மேர்', பெண்பால். ஜேர்மனில் 'டீ ஸே' என்று பெண்பாலில் சொன்னால் கடல்; அதே சொல்லை 'டெர் ஸே' என்று ஆண்பாலாக்கினால் ஏரி. ஜேர்மனின் துணை வாக்கியங்களில் வினைச்சொல் இறுதிக்குப் போய்விடும். ஆங்கிலத்தின் வழியே வருபவர் இதில் தடுமாறுவர். தமிழருக்கோ சொந்த வீட்டுக்குள் நுழைந்ததுபோல் இருக்கும்.

இவற்றையெல்லாம் புத்தகத்திலிருந்து கற்கலாம். ஒலியை அவ்வாறு கற்க இயலாது. பிரெஞ்சில் துறைமுகத்துக்குரிய சொல்லையும் பன்றி இறைச்சிக்குரிய சொல்லையும் எழுத்தில் வேறுபடுத்திக் காணலாம். காதுக்கு இரண்டும் 'போர்' என்றே விழும். எதிரில் ஒருவர் அமர்ந்து பேசும்போதுதான் இத்தகைய சொற்கள் நமக்கு வசமாகின்றன.

இதனை எனக்கு நன்கு உணர்த்தியவர் அயல்வீட்டுப் பெண் ஒருவர். கணவர் ஜேர்மனியில். கணவனோ மனைவியோ அங்கு சென்று சேர்வதற்கு அடிப்படை ஜேர்மன் அறிவு வேண்டும் என்ற சட்டம் 2007 ஆகஸ்டில் வந்தது. அதற்கான முதல்நிலைப் பரீட்சையில் 100க்கு 60 புள்ளிகள் எடுக்க வேண்டும். அங்கே இலக்கியம் கேட்பதில்லை. தன்னை அறிமுகம் செய்ய வேண்டும். பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். புகையிரத நிலைய அறிவிப்பைக் கேட்டு விளங்கிக்கொள்ள வேண்டும். எனது பட்டத்துக்கு இவை சிறு விடயங்கள். அவருக்கோ இவற்றிலேயே குடும்ப வாழ்க்கை தங்கியிருந்தது.

"மாமா, எழுதித் தர வேண்டாம், வாயால சொல்லிக் காட்டுங்கோ" என்பார். மாலைதோறும் ஒரு மணி நேரம் சொல்லிக் காட்டினேன். நீண்ட தமிழ்ப் பெயரை ஜேர்மன் எழுத்தொலிகளில் பிரித்துச் சொல்ல மட்டும் ஒரு வாரம் பிடித்தது. ஜேர்மனில் இருபத்தொன்றை 'ஒன்றும் இருபதும்' என்று தலைகீழாகச் சொல்வார்கள். தொலைபேசி எண்களை அவர் குறித்துப் பழகுவதற்குள் இருவருமே களைத்துப் போனோம். கொழும்பு சென்று பரீட்சை எழுதினார், தேறினார். இப்போது அங்கிருந்து தொலைபேசியில் பேசும்போது என் உச்சரிப்பை அவர் திருத்துகின்றார்.

தொலைக்கல்வியில் மொழி பயில விரும்புவோருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: பாடநூல்கள் தபாலிலோ இணையத்திலோ வந்து சேரும். அவற்றோடு, அம்மொழி உண்மையாகவே தேவைப்படும் ஒருவரை உங்கள் ஊரில் தேடிக்கொள்ளுங்கள். வடக்குக் கிழக்கில் அப்படியொருவர் இல்லாத ஊர் இன்று அரிது. அவருக்குக் கற்பியுங்கள், உங்கள் படிப்பு தானாகவே நிறைவுபெறும்.