ரோமக்கால் குஞ்சுகள் ஆறு

போன வருஷம் தை மாசம். மகள் வயிற்றுப் பேரன் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து நின்றான். உள்ளே ஆறு குஞ்சுகள், மூன்று வாரம் இருக்கும். எல்லாவற்றுக்கும் காலில் இறகு, சாக்ஸ் போட்ட மாதிரி. "அப்புச்சி, ஆறும் பிரம்மாங்க. சந்தையில ஜோடி நானூறு சொன்னாங்க, பேசி முந்நூறுக்கு வாங்கிட்டேன்" என்றான். உண்டியல் காசு அத்தனையும் போயிருந்தது.

மோகனூர் ரோட்டில் முட்டைக்கோழிப் பண்ணையில் 32 வருஷம் சூப்பர்வைசராக இருந்தவன் நான். லட்சக்கணக்கில் குஞ்சு இறக்கியிருக்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒயிட் லெகார்ன்தான். மஞ்சளாக வரும், வெள்ளையாக வளரும், காலில் ஒரு இறகு இருக்காது. (முட்டைக்கோழி இனத்தில் வேண்டாத சேவல் குஞ்சுகளைத்தான் பச்சை, சிவப்புச் சாயம் போட்டுத் தெருவில் விற்பார்கள். நம்மில் பலபேர் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்திருப்போம்.)

கால்நடை டாக்டராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரை வரச் சொன்னேன். அவர் இறகைப் பார்க்கவே இல்லை. முதலில் விரலை எண்ணினார். இரண்டு குஞ்சுகளுக்கு ஐந்து விரல். மற்ற கோழிக்கு நாலுதானே! தோலை விலக்கிப் பார்த்தால் கருநீலம். "இது சில்கி. வளர்ந்தா இறகு பஞ்சு மாதிரி இருக்கும். கடக்நாத்துக்கும் தோல் கறுப்புதான், ஆனா அதுக்கு ரோமக்காலும் கிடையாது, அஞ்சாவது விரலும் கிடையாது" என்றார்.

மீதி நாலையும் வெளிச்சத்தில் பிடித்துக் கொண்டையைப் பார்த்தார். பிரம்மாவுக்குக் கொண்டை மூன்று வரியாகத் தாழ்ந்து படிந்திருக்குமாம். கொச்சினுக்கு ரம்பப்பல் போல ஒற்றைக் கொண்டை. இரண்டு குஞ்சுகளுக்கு ஒற்றை. ஒன்றுக்கு மூன்று வரி, நடுவிரல் வரை அடர்ந்த இறகு. அது பிரம்மாவாக இருக்கலாம் என்றார். கடைசிக் குஞ்சுக்கும் மூன்று வரிதான், ஆனால் இறகு காலின் வெளிப்பக்கம் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக. "நம்மூர்ச் சண்டைச் சேவலுக்கும் இதே கொண்டைதானே? தாய் தகப்பன்ல ஒண்ணு ரோமக்காலா இருந்தாப் போதும், குஞ்சுக்கும் கொஞ்சம் முளைச்சிரும். காலை மட்டும் பார்த்து ஜாதி சொல்ல முடியாது."

பெயரை நம்பியும் பயனில்லை. கொச்சின் கோழி சீனாவிலிருந்து போனது. பிரம்மாவும் ஷாங்காயிலிருந்து அமெரிக்கா போன கோழிகளின் வம்சம்தான். பெயர் மட்டும் நம் பிரம்மபுத்திரா. 1852இல் ஒரு அமெரிக்க வியாபாரி விக்டோரியா மகாராணிக்கே இந்தக் கோழிகளை அனுப்பி, தன் வியாபாரத்தைப் பெருக்கிக்கொண்டார். சந்தைக்காரர் எந்த மூலைக்கு!

பேரன் முகம் சுண்டிவிட்டது. விசாரித்தால், ஒரு ஜோடியைப் பிரம்மா என்று சொல்லி, கூடப் படிக்கும் பையனிடம் 500 ரூபாய் முன்பணம் வாங்கிவிட்டானாம். "அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க அப்புச்சி" என்றான் மெதுவாக. நான் பதில் பேசவில்லை. டாக்டரும் காபியைக் குடித்துக்கொண்டு இருந்தார்.

சாயங்காலம் சைக்கிளை எடுத்தான். இருட்டின பிறகுதான் வந்தான். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அந்தப் பையன் சில்கி ஜோடியை முந்நூறுக்குக் கேட்டானாம். இவனுக்குக் கொடுக்க மனசில்லை. அதில் ஒன்று இப்போது எங்கள் தாழ்வாரத்தில் ஒன்பது நாட்டுக்கோழி முட்டைகளோடு அடையில் படுத்திருக்கிறது. கிட்டே போனால் கொத்த வருகிறது.