ஐஸ் விளையும் ஊர்

கொலராடோ குறிப்புகள் – 6

மான்ட்ரோஸிலிருந்து தெற்கே 60 கிலோமீட்டர்தான். போகப்போக மலைகள் இரு புறமும் நெருக்கிக்கொண்டே வந்து, யூரே ஊருக்குள் நுழையும்போது அண்ணாந்து பார்த்தால்தான் வானம் தெரிகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,375 மீட்டர் உயரம். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. வெள்ளியும் தங்கமும் தோண்ட வந்தவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் உண்டாக்கிய ஊர் இது. யூட் பழங்குடித் தலைவர் யூரேயின் பெயரை ஊருக்கு வைத்துக்கொண்டு, அவருடைய மக்களை 1881-இல் யூட்டாவுக்குத் துரத்திவிட்டார்கள்.

ஊருக்கு மேலே கேம்ப் பேர்ட் சுரங்கத்தில் கிடைத்த தங்கம் தாமஸ் வால்ஷ் என்பவரைக் கோடீஸ்வரராக்கியது. ஹோப் வைரத்தை வாங்கி ஊரறிய அணிந்து திரிந்த எவலின், அவருடைய மகள்தான். கோல்கொண்டா மண்ணில் எடுத்த கல் எங்கெல்லாம் சுற்றி, கடைசியில் இந்த மலைத் தங்கத்தின் செல்வாக்கில் ஒரு கழுத்தில் ஏறியிருக்கிறது பாருங்கள்!

நாங்கள் வந்தது தங்கத்துக்காக அல்ல, ஐஸுக்காக. என் தங்கை மகன் டென்வரில் வேலை செய்கிறான். வார இறுதியானால் ஏதாவதொரு சுவரில் தொங்குகிறவன். “மாமா, ஒரே ஒரு தடவை ஏறிப் பாருங்க” என்று போன மாதத்திலிருந்தே நச்சரித்துக்கொண்டிருந்தான்.

ஊரின் தெற்கு எல்லையில் அன்கம்பாக்ரே ஆறு ஆழமான, குறுகலான பிளவுக்குள் ஓடுகிறது. அதன் விளிம்பை ஒட்டி நீர்மின் நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பழைய குழாய் ஒன்று உண்டு. குளிர்காலத்தில் அதில் கசிந்த நீர் பாறையில் வழிந்து உறைய, அதில் ஏறுவதற்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஓட்டைக் குழாய் ஊருக்கு வருமானம் தருவதைக் கண்டவர்கள், 1990-களின் நடுவில் அதையே திட்டமிட்டுச் செய்ய ஆரம்பித்தார்கள். இன்று ஒரு மைலுக்கும் மேல் விளிம்பு நெடுகக் குழாய் போட்டு, நகரத்தின் உபரி நீரை நூற்றுக்கணக்கான தெளிப்பான்கள் வழியாகப் பாறைமேல் பொழிகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது.

இந்த வேலை செய்கிறவர்களுக்கு ‘ஐஸ் விவசாயி’ என்றே பெயர். இருட்டிக் குளிர் இறங்கியதும் தலைவிளக்கோடு விளிம்பில் நடந்து, வால்வுகளைத் திருகுகிறார்கள். தண்ணீர் அதிகம் விட்டால் உறைந்த ஐஸையே அரித்துவிடும். குறைத்தால் குழாயே உறைந்துவிடும். நம்மூரில் முறை வைத்து மடை திறக்கிறவர், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று கணக்காகத் தெரிந்து வைத்திருப்பாரே, அதே ஜாக்கிரதை. தண்ணீர்த் தட்டுப்பாடும் அதே மாதிரிதான். நகரத்து உபரி போதாமல் போகவே, சமீபத்தில் மேலேயுள்ள வெள்ளிச் சுரங்கம் ஒன்று தன் பங்கு நீரைத் தர ஒப்புக்கொண்டிருக்கிறது.

வழிகாட்டியாக வந்த அம்மாளுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். பேச்சு குறைவு. ஹெல்மெட், ஹார்னஸ் மாட்டிவிட்டு, பூட்ஸில் கிராம்பானைப் பூட்டினார். அடியில் பத்து முள், முன்னால் கொம்புபோல் நீண்ட இரண்டு. அந்த முன்முட்களை 1929-இல் சேர்த்தவர் இத்தாலியக் கொல்லர் குடும்பத்து லோரான் கிரிவெல். அதற்கு முன் செங்குத்தான ஐஸில் படி படியாக வெட்டித்தான் ஏறுவார்கள். கைக்கு இரண்டு ஐஸ் டூல். அதன் அலகு ஏன் கீழ்நோக்கி வளைந்திருக்கிறது தெரியுமா? நேரான அலகு பிடியை விட்டு உருவிக்கொண்டு வருகிறது என்று கண்டு, 1960-களில் அதை வளைத்தவர் ஈவான் ஷுய்னார். பின்னாளில் படகோனியா துணிக் கம்பெனி தொடங்கிய அதே மனிதர்.

ஸ்கூல் ரூம் என்ற பகுதியில் கீழே இறங்கி நின்றோம். கயிறு மேலே ஒரு பிடிப்பில் சுற்றி என் இடுப்புக்கு வந்திருந்தது. மறுமுனை அந்த அம்மாளின் கையில். விழுந்தாலும் ஓர் அடி, இரண்டடி தொங்குவேன், அவ்வளவுதான். புத்திக்கு இது புரிந்தது, முழங்காலுக்குப் புரியவில்லை.

டூலை ஓங்கி அடித்தேன். தட்டு அகலத்துக்கு ஐஸ் பெயர்ந்து தோளில் விழுந்தது. “பலம் வேண்டாம், மணிக்கட்டைச் சுண்டுங்கள்” என்றார். சுண்டினேன். ‘தக்’ என்று கனத்த சத்தம். அந்தச் சத்தம் வந்தால் நம்பலாம். கிணுகிணுவென்று கண்ணாடிச் சத்தம் வந்தால் எடுத்து வேறிடத்தில் அடிக்க வேண்டும். ஐஸ் ஏறுவதில் பாதி காதால்தான் நடக்கிறது என்பதை எந்தக் காணொளியும் எனக்குச் சொன்னதில்லை. நீலமாய்ப் பளபளக்கும் இடத்தைவிட, வெளுத்துக் கொஞ்சம் ஈரமாயிருந்த இடத்தில் அலகு சுலபமாக இறங்கியது.

“மாமா, கையை விடுங்க, காலை நம்புங்க! குதிகாலைத் தாழ்த்துங்க!” கீழிருந்து மருமகன். பயத்தில் குதிகால் தானாக உயர்கிறது. உயர்ந்தால் முன்முள் நழுவுகிறது. தாழ்த்தி நின்றதும் உடம்பின் எடை கால்களுக்குப் போய், விரல்கள் தளர்ந்தன. பாதி உயரத்தில் கீழே பார்த்தேன். ஆறு ஐஸுக்கடியில் எங்கோ சளசளத்தது. மேலே பார்ப்பதே உத்தமம் என்று தோன்றியது.

உச்சியில் உள்ள பிடிப்பைத் தொட்டபோது பெருமை வந்தது உண்மை. இறக்கிவிட்ட அடுத்த நிமிடமே அது போய்விட்டது. தலைக்குமேல் தூக்கியே வைத்திருந்த கைகளில் ரத்தம் திரும்பப் பாயும்போது ஒரு வலி வருகிறது பாருங்கள், விரல் ஒவ்வொன்றையும் கதவிடுக்கில் வைத்து நசுக்கினால்தான் அப்படியிருக்கும். கூடவே குமட்டல். ஏறுகிறவர்கள் இதை ‘ஸ்க்ரீமிங் பார்ஃபீஸ்’ என்கிறார்கள். அலறலும் வாந்தியும் சேர்ந்தது. நான் அலறினேன். பக்கத்துக் கயிற்றில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்! வழிகாட்டி அம்மாள் ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்து, “இன்னொரு முறை?” என்றார். போனேன்.

மாலையில் ஊர் முகப்பிலுள்ள வெந்நீர் ஊற்றுக் குளத்தில் கழுத்தளவு கிடந்தோம். தலைமுடியில் படிந்த ஆவி உறைந்து விறைத்தது. மலையடி வெந்நீரில் உடம்பை ஊறவைத்துக்கொண்டே மலைமேல் ஐஸ் பயிரிடும் ஊர் வேறெங்காவது இருந்தால், அங்கேயும் போகத் தயார்.

இங்கிருந்து சில்வர்டன் போக, 11,018 அடி உயர ரெட் மவுண்டன் கணவாயைத் தாண்ட வேண்டும். பல வளைவுகளில் தடுப்புக் கம்பிகூட இல்லாத சாலை. இரவு விசாரித்ததில், பனிச்சரிவு அபாயத்தால் மூடியிருக்கிறார்கள், காலையில்தான் தெரியும் என்றார்கள். திறந்தால் சில்வர்டன், இல்லையென்றால் மறுபடியும் அந்தப் பிளவுக்குள் இறங்க வேண்டியதுதான். மருமகன் டூல்களைக் கடையில் திருப்பிக் கொடுக்காமல் கட்டிலடியில் வைத்திருக்கிறான்.

(தொடரும்)