கரும்பலகையில் சட்டமன்றம்

4 ஜனவரி 2022, செவ்வாய்

ரேஷன் கடையில் இன்று முதல் பொங்கல் தொகுப்பு. 21 பொருள்கள். வரிசையில் எனக்கு முன்னால் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் நின்றிருந்தார். "நாளைக்குச் சட்டசபை கூடுதாம்ல டீச்சர்? நவம்பர்ல நம்ம தெருவுல தண்ணி நின்னதைப் பத்தி யாராச்சும் பேசுவாங்களா?" என்று கேட்டார். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. முப்பது வருடம் பள்ளியில் குடிமையியல் நடத்தியவள் நான்.

நவம்பர் மழையில் எங்கள் கூடத்தில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. ஆதம்பாக்கம் ஏரியிலிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு ஓடுகிற வீராங்கல் ஓடைதான் இந்தப் பக்கத்து மழைநீருக்கு வழி. அந்த வழி அடைபட்டால் தண்ணீர் நம் வாசலுக்குத்தான் வரும். இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஆலந்தூர் நகராட்சியாக இருந்தவர்கள் 2011-இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தோம். அந்த ஆண்டு தேர்ந்தெடுத்த மாமன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக வார்டுக்குக் கவுன்சிலர் இல்லை. கோட்டைக்கும் தெருவுக்கும் நடுவில் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் என்று பார்த்தால் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர்தான். அவர் அங்கே என்ன செய்கிறார், அவையில் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரிய வேண்டாமா?

நலச் சங்கத்துக் கரும்பலகை கொரோனா வந்ததிலிருந்து சும்மா கிடக்கிறது. செயலாளரிடம் சாவி வாங்கி வந்துவிட்டேன். கூட்டத்தொடர் முடிகிற வரை தினமும் மாலையில் அவையில் நடந்ததை அதில் எழுதப் போகிறேன்.

5 ஜனவரி, புதன்

ஆளுநர் உரை. கோட்டையில் நடப்பதாக இருந்தது, தொற்று ஏறியதால் கலைவாணர் அரங்கத்துக்கு மாறியது. ஆர்.என். ரவி ஆளுநரானபின் இந்த அவையில் நிகழ்த்தும் முதல் உரை. பலகையில் ஐந்து வரிதான் எழுதினேன். முதல் வரி: "ஆளுநர் வாசிப்பது அமைச்சரவை தயாரித்த உரை. அரசு செய்ததும் செய்யப்போவதும் அதில் இருக்கும்." இதுகூடப் பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது.

மாலையில் அப்பா நினைவு. 1967-இல் எம்.ஜி.ஆர். பரங்கிமலைத் தொகுதியில் நின்றபோது அப்பாவுக்கு அதுதான் முதல் ஓட்டு. ஜனவரி 12 அன்று சுடப்பட்டு, கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில் கிடந்தவர், தொகுதிப் பக்கம் வராமலே ஜெயித்தார். அந்தக் கட்டுப்போட்ட படம் ஒட்டாத சுவரே இல்லை என்பார் அப்பா. "ஜெயிச்ச அப்புறம் அவர் சபையில என்ன பேசினார்ப்பா?" என்று ஒருநாள் கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அது பேப்பர்ல வந்தாத்தான் உண்டும்மா" என்றார்.

6 ஜனவரி, வியாழன்

இன்றைய தேதியைப் பெரிதாக எழுதி வைக்கிறேன். தமிழ்நாடு சட்டமன்றத்தின் கேள்வி நேரம் இன்று முதன்முதலாக நேரலையில் வந்தது. நேரலை வேண்டும் என்று உயர் நீதிமன்றம் வரை போய்ப் பல ஆண்டுகளாகக் கேட்டவர்கள் உண்டு. மக்களவைக்கு 2006-லேயே தனித் தொலைக்காட்சி வந்துவிட்டது. கேரளம் 2020-இல் சபா டிவி தொடங்கியது. நமக்கு இன்றுதான் விடிந்தது.

பத்து மணிக்குப் பேரவைத் தலைவர் அப்பாவு குறள் வாசிக்க, அவை தொடங்கியது. பக்கத்து வீட்டுப் பாட்டியும் வந்து உட்கார்ந்தார். உறுப்பினர் எழுந்து கேட்பது, அமைச்சர் பதில், அதிலிருந்து துணைக் கேள்வி, அதற்கு மறுபடி பதில். நாளிதழில் இரண்டு வரியாகச் சுருங்கி வரும் விஷயம் முகத்தோடும் குரலோடும் வரும்போது எவ்வளவு வேறாக இருக்கிறது! எங்கோ ஓர் ஊருக்குப் பாலம் கேட்கும் உறுப்பினரின் குரலில் அந்த ஊர்க்காரர்களே நிற்கிறார்கள். அமைச்சர் பதிலில் ஆண்டும் தொகையும் இருக்கிறதா, "பரிசீலிக்கப்படும்" என்பதோடு முடிகிறதா என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். இடையில் எழுதித் தருகிற ஆள் இல்லை.

பாட்டி கேட்டார்: "நம்ம ஆளு எப்போ எழுந்து கேப்பாரு?"

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. ஆலந்தூர் உறுப்பினர் தா.மோ. அன்பரசன் ஊரகத் தொழில்துறை அமைச்சர். அமைச்சராக இருப்பவர் கேள்வி கேட்கிற வரிசையில் இல்லை, பதில் சொல்கிற வரிசையில் இருக்கிறார். அது அவை நடைமுறை, குறை சொல்ல ஒன்றுமில்லை. தொகுதிக்காரர் அமைச்சரானால் ஊருக்குப் பெருமை, பலனும் உண்டு. ஆனால் அமைச்சராக இருப்பவரின் தொகுதி எதுவானாலும், அதன் பெயர் கேள்வி நேரத்தில் அவர் கேட்கும் கேள்வியாக ஒலிக்காது. அப்படிப்பட்ட தொகுதிக்கு நேரலை மட்டும் போதாது, தனியாக ஒரு தாள் வேண்டும். துறைகளிடம் இந்தத் தொகுதிக்காக என்ன கேட்டேன், எது கிடைத்தது, எது எங்கே நிற்கிறது என்று உறுப்பினரே எழுதித் தருகிற தாள்.

பாட்டியிடம் இதையெல்லாம் விளக்கி முடிக்கும்போது காபி ஆறிவிட்டது. பலகையில் எழுதியதை மாலை ஏழு மணிக்கு நின்று படித்தவர்கள் பதினோரு பேர். இரவு பத்து மணி முதல் ஊரடங்கு என்பதால் எல்லாருக்கும் வீடு திரும்பும் அவசரம், இருந்தும் நின்றார்கள்.

7 ஜனவரி, வெள்ளி

ஆளுநர் உரை மீதான விவாதத்துக்கு முதலமைச்சர் பதிலளித்தார். கூட்டத்தொடர் முடிந்தது. மூன்றே நாள்.

எதிர்வீட்டுப் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். பலகை முன்னால் நின்று, "நீட் வேணாம்னு மசோதா போட்டாங்களே, அது இப்ப எங்க மிஸ் இருக்கு?" என்றாள். சென்ற செப்டம்பர் 13 அன்று அவையில் நிறைவேறியது, ஆளுநருக்குப் போனது, இன்னும் குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்படவில்லை, நாளை அனைத்துக் கட்சிக் கூட்டம் என்று சொன்னேன். "அப்போ நான் படிக்கணுமா, வேணாமா?" என்றாள். படி என்றேன். அவையில் நடப்பது ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் ராத்திரித் தூக்கத்தோடு சம்பந்தப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

பெரியவர் ஒருவர் பறக்கும் ரயில் பற்றிக் கேட்டார். 2007-இல் வேளச்சேரி வரை வந்த ரயில். அங்கிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர் நீட்டிப்பு 2008-இல் தொடங்கியது. ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்கில் நிற்கிறது. தூண்கள் நம் வீட்டு மாடியிலிருந்து தெரிகின்றன. எந்த நீதிமன்றத்தில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வருடத்துக்கு ஒருமுறையாவது யாராவது வந்து சொன்னால் காத்திருப்பது சுலபம்.

சொன்னால் இந்த ஊர்க்காரர்கள் நம்புவார்கள். அதற்குச் சாட்சி என் பீரோவிலேயே இருக்கிறது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஆலந்தூர் நகராட்சி பாதாளச் சாக்கடை கொண்டுவர முடிவு செய்தபோது, வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கேட்டார்கள். அன்றைக்கு அது பெரிய தொகை. குழாயே கண்ணில் படாத நேரம். நகராட்சித் தலைவராக இருந்த ஆர்.எஸ். பாரதியும் நலச் சங்கங்களும் தெருத்தெருவாக எடுத்துச் சொன்னார்கள். ஜனங்கள் கட்டினார்கள். அம்மா வளையலை வைத்துக் கட்டினார். தனியார் பங்கேற்போடு நடந்த அந்தத் திட்டத்தைப் படிக்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்தார்கள். ரசீதை இன்னும் வைத்திருக்கிறேன். காசு எங்கே போகிறது என்று சொன்னதால் கொடுத்தோம்.

8 ஜனவரி, சனி

நாளை முழு ஊரடங்கு. காய்கறிக் கடையில் கூட்டம். இஸ்திரி போடுகிறவர் இன்றே எல்லாத் துணியையும் கொடுத்துவிட்டார்.

காலையில் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். மூன்றே கோரிக்கை. ஒவ்வொரு கூட்டத்தொடரும் முடிந்த பத்து நாளுக்குள் தொகுதி மக்களுக்கு ஒரு பக்கத் தாள். ஆலந்தூர் மண்டலத்தின் மழைநீர் வடிகால், வீராங்கல் ஓடை, ரயில் நீட்டிப்பு இவை எந்த நிலையில் உள்ளன என்பது அதில் இருக்க வேண்டும். திருப்புகழ் தலைமையில் அரசு அமைத்த வெள்ளத் தடுப்புக் குழு நம் பகுதிக்கு என்ன சொல்கிறது என்பதும். தொகுதி மேம்பாட்டு நிதியில் எந்தத் தெருவில் என்ன வேலை, என்ன செலவு என்பது மூன்றாவது.

சங்கத்து உறுப்பினர்களில் இருபத்தாறு பேர் கையெழுத்திட்டார்கள். பாட்டி கைநாட்டு வைத்தார். கட்சி வேறுபாடு பார்த்து யாரும் மறுக்கவில்லை என்பதைக் குறித்து வைக்க வேண்டும்.

மார்ச்சில் நிதிநிலை அறிக்கைக் கூட்டத்தொடர். மானியக் கோரிக்கை விவாதம் வாரக்கணக்கில் நடக்கும். துறை துறையாகக் கொள்கை விளக்கக் குறிப்பு வரும். ஒவ்வொரு துறையிலும் சென்னையின் பங்கைத் தேடிப் பிடித்து எழுத நான் ஒருத்தி போதாது. தமிழ் வாசிக்கத் தெரிந்த, மாலை ஆறு மணிக்கு அரை மணி நேரம் ஒதுக்க முடிந்த இரண்டு பேர் வேண்டும். பிளஸ் டூ பெண் தேர்வு முடிந்ததும் வருகிறேன் என்றாள். இன்னொருவர் யார் வருகிறீர்கள்? சாவி என்னிடம்தான் இருக்கிறது.