வாழ்த்தோடு கணக்கும் வரட்டும்

அன்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உறவுகளுக்கு,

ஜூலை முதலாம் திகதி கனடா தினம். அது நெருங்கும்போது ஸ்காபரோவில் எங்கள் தபால்பெட்டிகளுக்குள் மாகாண சட்டமன்ற உறுப்பினரின் கடிதம் வந்து விழும். முகப்பில் சிவப்பு மேப்பிள் இலை, உறுப்பினரின் சிரித்த முகம், நாலு வரி வாழ்த்து. மறுபக்கத்தில்தான் விஷயம் இருக்கும். வாணவேடிக்கை எந்தப் பூங்காவில், சுகாதார அட்டை காலாவதியானால் எங்கே புதுப்பிப்பது, மூத்தோருக்கான இலவசப் பல் சிகிச்சைக்கு யார் விண்ணப்பிக்கலாம், இந்தத் தவணையில் சபையில் அவர் எதைப் பற்றிப் பேசினார், தொகுதி அலுவலகம் எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்குப் பூட்டும் என்று எல்லாம் அதில் வரும். எங்கள் ஆட்கள் நெருக்கமாக வாழும் தொகுதிகளில் சிலவேளை தமிழிலும் அச்சடித்து அனுப்புவார்கள்.

சுவாரசியமே இல்லாத கடிதம். பலசரக்குக் கடை விளம்பரங்களோடு சேர்த்து நீல மறுசுழற்சிப் பெட்டிக்குள் போடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் கொழும்பிலிருந்து வந்தவனுக்கு அந்தச் சுவாரசியமின்மையே பொறாமையைக் கிளப்புகிறது. ஒன்ராறியோவுக்கு 124 தொகுதிகள். தொகுதிக்கு ஒரே ஒருவர். நான் வாக்களித்த கட்சிக்காரராக அவர் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் மருத்துவமும் கல்வியும் இங்கே மாகாணத்தின் கையில் இருப்பதால், ஆஸ்பத்திரி வரிசைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். எங்களவர்களான விஜய் தணிகாசலமும் லோகன் கணபதியும் 2018இல் அந்தச் சபைக்குப் போனார்கள். தணிகாசலம் கொண்டுவந்த தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரச் சட்டமூலம் 2021 மே மாதம் சட்டமானது. பல் சிகிச்சை பற்றிச் சொல்லும் அதே கடிதம் முள்ளிவாய்க்காலைப் பற்றியும் சொல்ல இடமுண்டு.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. இலங்கையின் சுதந்திர தினமான பெப்ரவரி 4 வருகிறது. பத்திரிகைகளில் வாழ்த்துச் செய்திகள் நிறைகின்றன. அவற்றை எழுதியவர்களில் வெள்ளவத்தை இராமகிருஷ்ணா வீதிக்கு எம்.பி. யார்? கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிக்கு யார்?

ஒருவரும் இல்லை, அல்லது எல்லாரும்தான். 1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்து, தொகுதிக்குப் பதிலாக மாவட்டத்தை வைத்தது. 2024 தேர்தலில் கொழும்பு மாவட்டம் முழுவதற்கும் 18 ஆசனங்கள். வாக்காளர் ஒரு கட்சிக்குப் புள்ளடி போட்டு, மூன்று பேருக்கு விருப்பு வாக்கும் போடலாம். வென்ற 18 பேரும் மாவட்டத்துக்குச் சொந்தக்காரர்கள். எந்த ஒருவரும் எந்த ஒரு தெருவுக்கும் கடன்பட்டவர் அல்லர்.

முன்பு அப்படி இல்லை. 1956இல் வெள்ளவத்தை – கல்கிசைத் தொகுதியின் எம்.பி. கொல்வின் ஆர். டி சில்வா. சிங்களம் மட்டும் சட்டமூலம் வந்தபோது, இந்த வழியில் போனால் நாடு இரண்டாகும் என்று சபையில் எச்சரித்த இடதுசாரி அவர். பதினாறு ஆண்டுகள் கழித்து அவரே அரசியலமைப்பு விவகார அமைச்சராக இருந்து உருவாக்கிய யாப்பு, சிங்களத்தின் தனி இடத்தை அரசியலமைப்புக்குள்ளேயே பதித்தது. சிறுபான்மையினருக்குச் சோல்பரி யாப்பு தந்த 29ஆம் பிரிவையும் கைவிட்டது. புதிய யாப்பு நடைமுறைக்கு வந்த 1972 மே 22 குடியரசு தினமாயிற்று. அன்று கொடி ஏறியபோது வெள்ளவத்தைத் தமிழருக்கு என்ன கிடைத்தது என்று எழுத வேண்டிய கடிதத்தை ஒருவரும் எழுதவில்லை.

ஆகவே பழைய தொகுதி முறை திரும்பட்டும் என்று நான் கேட்கவில்லை. கொழும்புத் தமிழர் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் என்று சிதறி வாழ்கிறவர்கள். தொகுதிக் கோடுகளுக்குள் அடைபட்டால் தனித்து ஒருவரைத் தெரிவுசெய்யும் பலம் அவர்களுக்கு இல்லை. விகிதாசார முறைதான் அந்த வாக்குகளை ஒரு பையில் சேர்த்தது. 2020இல் கொழும்பு மாவட்டத் தமிழ் வேட்பாளர் மனோ கணேசனுக்குக் கிடைத்த 62,091 விருப்பு வாக்குகள் அப்படிச் சேர்ந்தவை.

அந்தச் சேர்க்கையின் பெறுமதியைப் போர்க்காலத்தில் கொழும்பில் இருந்தவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வெள்ளை வான் காலத்தில், 2006 முதல், மனோ கணேசனும் இடதுசாரித் தலைவர்கள் சிலரும் மக்கள் கண்காணிப்புக் குழு அமைத்துக் கடத்தப்பட்டோரின் பெயர்களைப் பதிந்தார்கள். 2007 ஜூன் 7 விடியற்காலையில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி ஊரை விட்டே அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் போட்ட மனுவில் மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. யாழ்ப்பாண எம்.பி. நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10இல் கொழும்பு வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொழும்பு மாவட்ட எம்.பி. தியாகராஜா மகேஸ்வரன் 2008 புதுவருடத்தன்று கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலில் வழிபாட்டின்போது கொல்லப்பட்டார். அந்த நாட்களில் ஒரு தமிழ் எம்.பி.யின் தொலைபேசி இலக்கம் வீட்டில் இருப்பதே பெரிய காவல். தொகுதி அலுவலக நேரத்தை யாரும் கேட்கவில்லை.

இன்று கேட்கலாம். கேட்கும் இடம்தான் காலியாகக் கிடக்கிறது. இங்கே எனக்குக் கடிதம் போடுகிறவர் மாகாண சபைக்காரர். அங்கேயும் 13ஆவது திருத்தம் 1987இல் அப்படியொரு சபையை உண்டாக்கியது. மனோ கணேசனின் அரசியல் ஏற்றமே 1999இல் மேல் மாகாண சபையில்தான் தொடங்கியது. அந்தச் சபைக்குக் கடைசித் தேர்தல் 2014 மார்ச்சில். 2019 ஏப்ரலோடு காலம் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. ஆளுநர் இருக்கிறார், செயலாளர்கள் இருக்கிறார்கள், பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும் நடக்கின்றன. மக்கள் தெரிந்தெடுத்த ஒருவர்கூட இல்லை.

தேர்தல் ஏன் நின்றது என்பது ஒரு விநோதம். 2017இல் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தை மாற்றித் தொகுதியும் விகிதாசாரமும் கலந்த முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்கு எல்லைகள் வகுக்க வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள். ஆதரவாக ஒன்றும் இல்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். புதுக் கோடுகள் தங்கள் மக்களைச் சிதறடிக்கும் என்று தமிழ், முஸ்லிம் கட்சிகள் பயந்ததில் நியாயம் இருந்தது. ஆனால் கோடு பிழையென்று தள்ளியவர்கள் சரியான கோட்டையும் போடவில்லை, பழைய முறையில் தேர்தலையும் நடத்தவில்லை.

தேர்தல் வராவிட்டாலும் தேசிய தினங்கள் என்னவோ குறைவில்லாமல் வருகின்றன. 2016 பெப்ரவரி 4 காலிமுகத்திடலில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. 1949க்குப் பிறகு அரச விழாவில் அது முதல் தடவை. அன்று தேசிய சகவாழ்வு அமைச்சராக இருந்தவர் மனோ கணேசன். எங்கள் வீடுகளில் தொலைக்காட்சிக்கு முன்னால் கண்கலங்கியவர்களை எனக்குத் தெரியும்; என்ன பெரிய சலுகை என்று சினந்தவர்களையும் தெரியும். 2020இல் சுதந்திர சதுக்கத்தில் அது தமிழில் பாடப்படவில்லை. ஓர் ஆட்சியின் மனநிலையோடு வந்தது, இன்னோர் ஆட்சியின் மனநிலையோடு போனது. விழாவில் பெற்ற உரிமைக்கு அவ்வளவுதான் ஆயுள்.

கனடாவின் கொண்டாட்டமும் கறையில்லாதது அல்ல. 2021இல் கம்லூப்ஸ் பழைய வதிவிடப் பள்ளி வளாகத்தில் பூர்வகுடிக் குழந்தைகளின் புதைகுழிகள் பற்றிய செய்தி வந்த பிறகு, பல ஊர்கள் ஜூலை முதலாம் திகதி விழாவையே கைவிட்டன. ஆனாலும் அலுவலகக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போய்க் கேட்கவும் திட்டவும் ஓர் ஆள் இருந்தார்.

2024இல் கொழும்பில் தோற்ற மனோ கணேசன் தேசியப்பட்டியல் வழியாக மீண்டும் நாடாளுமன்றத்தில் இருக்கிறார். ஆளும் தரப்பில் 14 பேர் கொழும்பிலிருந்து இருக்கிறார்கள். அடுத்த பெப்ரவரி 4க்கு வாழ்த்து அனுப்பப்போகிற எல்லாரிடமும், தமிழரோ சிங்களவரோ, மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதித் தரச் சொல்லுங்கள். மேல் மாகாண சபைத் தேர்தலுக்கு எந்த முறையை, எந்தத் திகதியை ஆதரிக்கிறீர்கள்? வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பொலிஸ் நிலையங்களில் தமிழில் முறைப்பாடு எழுதிக்கொள்ள எத்தனை பேர் இருக்கிறார்கள்? எங்கள் பகுதிக்காகச் சபையில் இந்த ஆண்டு எத்தனை கேள்வி கேட்டீர்கள்?

பதில் தந்தவரின் பெயரைப் பேப்பருக்கு அனுப்புங்கள். தராதவரின் பெயரையும் அனுப்புங்கள். விருப்பு வாக்கு மூன்று; கேள்வியும் மூன்று. அடுத்த தேர்தலில் யாருக்குப் புள்ளடி என்று முடிவெடுக்க அது போதும்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் ஊரவன்