கடல் கொண்ட ஊரில் ஒரு பகல்

மழையை நம்பி மண்ணைக் கிளறும் மேலநீலிதநல்லூர்ப் பகுதி மக்களாகிய எங்களுக்குக் கடல் என்றால் உவரி அந்தோனியார் திருவிழாவும் மணப்பாட்டுத் திருச்சிலுவை ஆலயமும்தான். ஆயினும் எங்கள் இல்லத்தில் வேறொரு கடற்கரை ஊரின் பெயர் தாழ்ந்த குரலிலேயே சொல்லப்பட்டு வந்தது. அவ்வூர் தனுஷ்கோடி.

எங்கள் தாயாரின் தமையனார், அதாவது எங்கள் மாமா, இளமையில் பிழைப்புத் தேடி இலங்கைக்குச் சென்று கண்டியில் ஒரு கடையில் கணக்கெழுதி வந்தார். 1964-ஆம் ஆண்டு டிசம்பரில், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வீட்டுக்கு வருவதாகக் கடிதம் எழுதியிருந்தார். அந்த வாரத்தில்தான் கடல் பொங்கித் தனுஷ்கோடியை விழுங்கியது. அந்த ஊரைச் சாகுமுன் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எண்பதைத் தாண்டிய எங்கள் தாயார் விரும்பவே, தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் குடும்பத்தோடு புறப்பட்டோம்.

பின்னிரவில் செபமாலை சொல்லி, கட்டுச்சோறும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வேனில் ஏறினோம். சங்கரன்கோவில், கழுகுமலை, கோவில்பட்டி, எட்டயபுரம் கடந்து கடற்கரைச் சாலையைப் பிடித்தபோது கிழக்கு வெளுத்தது. மண்டபத்தை அடைந்ததும் தாயார் சன்னலோரம் நகர்ந்து அமர்ந்தார். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன எத்தனையோ ஏழைத் தமிழர்களை நிறுத்தி வைத்து, நோய் உண்டா என்று சோதித்து அனுப்பிய முகாம் இங்குதான் இருந்தது. பிற்காலத்தில், 1983-க்குப் பின், போருக்கு அஞ்சி அக்கரையிலிருந்து ஓடி வந்தவர்களுக்கும் இதே மண்டபம் தங்குமிடமாயிற்று.

அடுத்து பாம்பன். 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின்மீது நாங்கள் செல்ல, அருகே இரண்டு ரயில் பாலங்கள் தெரிந்தன. ஒன்று, 1914-இல் திறக்கப்பட்டு, நூறாண்டுகளுக்கு மேல் உழைத்து 2022-இன் இறுதியில் ஓய்வு பெற்ற பழைய பாலம். மற்றொன்று, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலம். கப்பல் வந்தால் இதன் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலெழுந்து வழிவிடும் என்றதும் பிள்ளைகள் ஆரவாரம் செய்தனர். 1964-ஆம் ஆண்டுப் புயலில் பழைய பாலமும் சிதைந்தது. பொறியாளர் ஸ்ரீதரன் அவர்களின் பொறுப்பில் 46 நாள்களில் அது சீர்செய்யப்பட்டது. பாலம் மீண்டது; தனுஷ்கோடி மீளவில்லை.

இராமேஸ்வரம் நகரைத் தாண்டியதும் தீவு வாலைப்போல் மெலிந்து நீள்கிறது. இருமருங்கும் கடல், இடையே மணல்மேடும் உடைமரமும். உப்பங்கழியில் பூநாரைகள் கூட்டமாய் நின்றன. 2017 வரை இங்கே நல்ல சாலை கிடையாது. மணலில் இழுத்துக்கொண்டு ஓடும் வண்டிகளை நம்பித்தான் மக்கள் வந்தனர்.

ஒரு காலத்தில் சென்னை எழும்பூரில் ஏறியவர் ஒரே சீட்டில் கொழும்பு வரை செல்லலாம். போட் மெயில் ரயில் தனுஷ்கோடித் துறையில் பயணிகளை இறக்கும். அவர்கள் நீராவிக் கப்பலில் தலைமன்னார் சேர்ந்து, அங்கே மறுபடி ரயில் ஏறுவர். நிலையம், அஞ்சலகம், பள்ளிக்கூடம், சுங்கச் சாவடி, கோயில், தேவாலயம் என்று எல்லாம் அமைந்த ஊர் இது. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் ஊரை நெருங்கிய வேளையில் பேரலை அதைக் கவிழ்த்தது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விடிந்தபோது ஊர் இல்லை. வாழத் தகுதியற்ற இடம் என அரசு அறிவித்தது.

எஞ்சிய சுவர்களுள் தேவாலயத்தின் சுவர்களும் உண்டு. பவளப் பாறைக் கற்களால் எழுப்பிய அவை கூரையின்றி நிற்கின்றன. பீடம் இருந்த இடத்தில் மணல். எங்கள் சிறுவன், “ஆச்சி, சாமியும் முங்கிப் போனாரா?” என்று கேட்டான். எங்களுக்கு உடனே விடை தோன்றவில்லை. தாயார் மணலில் மெல்ல அமர்ந்து, அவனை அருகே இழுத்துக்கொண்டு, “முங்கினவங்க கூடத்தான் இருந்தாரு, ஐயா” என்றார்.

பிறகு, நாங்கள் அதுவரை முழுதும் கேளாத கதையைச் சொன்னார். அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு நாளில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லையாம். அண்ணன் அந்த ரயிலில் இருந்திருப்பார் என்றே எல்லாரும் அழுதார்களாம். தை பிறந்தபின் ஒரு கடிதம் வந்தது. முதலாளி விடுப்புத் தராததால் மாமா கண்டியை விட்டுப் புறப்படவே இல்லை. “கடுதாசியைப் படிச்சதும் எங்க அம்மா சிரிச்சா. அப்புறம் அழுதா. ‘நமக்கு வந்திட்டு, வராத வீடு எத்தனையோ’ன்னு சொன்னா. அந்த வீட்டுக்காரங்களுக்காக ஒரு செபம் சொல்லணும்னுதான் இத்தனை வருசமா நெனச்சிட்டிருந்தேன்” என்றார். கூரையில்லாத அந்த ஆலயத்தில், மரித்தோருக்கான மன்றாட்டை நாங்கள் அனைவரும் முழந்தாளிட்டுச் சொன்னோம். அருகில் நின்ற, வேற்றுச் சமயத்தவரான இரு பெண்களும் கைகூப்பி நின்றனர்.

ஆளற்ற ஊர் என்று சொல்வது முற்றும் சரியன்று. மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் இன்றும் இங்கே வாழ்கின்றன. சங்கு, சிப்பி விற்ற ஓர் அம்மையார் எங்களுக்குத் தண்ணீர் தந்தார். மணலில் சில அடி ஆழம் தோண்டிய ஊற்றில் எடுத்தது. உப்புக் கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, அந்த நீர் கரிக்கவில்லை. நீரைத் தேடி ஆழ்துளைக் கிணறு பல போட்டும் ஏமாந்த எங்கள் ஊரை நினைத்து வியந்தோம்.

நண்பகலில் அரிச்சல்முனை சென்றோம். ஒருபுறம் அமைதியான ‘பெண் கடல்’, மறுபுறம் சீறும் ‘ஆண் கடல்’. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அப்பால் தலைமன்னார். நீரோட்டம் கொடியதாதலால் பிள்ளைகளைக் கடலில் இறங்க விடவில்லை. செல்லும் அன்பர்கள் இதை மனத்திற்கொள்ள வேண்டும். குடிநீரும் குடையும் கொண்டு செல்க. காகிதத்தையும் நெகிழிப் பையையும் அங்கே விட்டு வராதீர். மாலைக்குள் திரும்பிவிட வேண்டும்.

மாமா 1970-களில், இராமேஸ்வரத்துக்கு வந்த கப்பலில் நிரந்தரமாக ஊர் திரும்பி, எங்கள் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார். அவருக்குக் கல்லறை உண்டு. மெழுகுவர்த்தி ஏற்ற உறவினர் உண்டு. தனுஷ்கோடியில் மறைந்த பலருக்கு அந்த மணலே கல்லறை. அங்கு உல்லாசம் தேடிச் செல்வோர் ஒரு நிமிடம் நின்று, அவர்களுக்காக ஒரு செபம் சொல்லி வரட்டும். திரும்பும் வழியில் எங்கள் தாயார், பல ஆண்டுகளுக்குப் பின், நிம்மதியாக உறங்கினார்.