கவருக்குக் கீழே இருப்பதும் வியாபாரம்தான்



2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் தனியாருக்குத் திறக்கும் வரைக்கும் இருந்ததைத் திருத்தித் திருத்தித்தான் நாமெல்லாம் ஓடினோம். அந்தக் கைப்பழக்கத்தில்தான் மச்சானுடைய மஸ்டா எம்.எக்ஸ்-5ஐ விற்க முன்னர் அதன் இரண்டு சீட்டையும் நாங்களே செய்தோம்.

1989இல் வந்த முதல் மாடல் அது. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்பார்கள். தரையோடு ஒட்டிய வாகனம் என்பதால் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் உடம்பு சீட்டின் கதவுப்பக்க விளிம்பில் உரசும். கவர் அங்கேதான் கிழியும். உள்ளே ஸ்பொஞ் நல்ல இறுக்கமாகவே இருந்தது. பஞ்சிகாவத்தையில் எடுத்த மற்ற சோடியோ நேர்மாறு: கவர் பளபளப்பு, ஸ்பொஞ் செத்துப்போய் உட்கார்ந்தால் கம்பி குத்துகிறது.

"அதை அப்படியே பூட்டிக் குடுத்தா யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் எங்களில் ஒருவர். ஒரு சீட்டுக்கு நாலு போல்ட்தான், அரை மணித்தியால வேலை. ஆனால் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபிகளார் (ஸல்) கைவிட்டுப் பார்த்தபோது ஈரம் பட்ட சம்பவம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். மேலே காய்ந்தது, அடியில் நனைந்தது. இந்தச் சீட்டும் அதேதானே? பேச்சு அங்கேயே முடிந்தது.

ஆகவே கவரை மட்டும் மாற்றினோம். கழற்ற முன்னர் ஒவ்வொரு பக்கமும் போட்டோ எடுத்தோம். கவரை உள்ளே இழுத்துப் பிடிக்கும் கம்பி வளையங்களைக் குறட்டால் வெட்டி, ஸ்பொஞ் பிய்யாமல் மெதுவாக உரித்தோம். சாயும் லீவர் பக்கம் மாறுவதால் வலது கவர் வலதுக்கே, இடது இடதுக்கே. கவரை வெயிலில் போட்டு இளக்கி, ஸ்பொஞ்சின் மேல் சொப்பிங் பேக்கை விரித்து வழுக்கி ஏற்றினோம். நடுத் தையலை முதலில் இறுக்கி, பிறகு ஓரங்கள். பழைய வளையங்களுக்குப் பதிலாக கேபிள் டை. ஒரு நாள் முழுக்கப் போனது, விரல்களெல்லாம் கீறல்.

ஒரு எச்சரிக்கை: சீட்டின் பக்கத்தில் ஏர்பேக் என்று அடையாளம் இருந்தால் வீட்டில் கை வைக்க வேண்டாம். அந்தக் கவரில் ஏர்பேக் விரியும்போது பிரிவதற்கென்றே ஒரு தையல் இருக்கும். வேறு கவர் போட்டால் அது விரியாமல் தடுக்கலாம். உயிர் விஷயம்.

வாங்க வந்தவரிடம், "கவர் வேற சீட்டுடையது, ஸ்பொஞ் பழசு, ஆனால் நல்லது" என்று மச்சானே சொன்னார். அவர் கொஞ்சம் குறைத்துக் கேட்டார். மச்சான் சம்மதித்தார். குறைந்த அந்தப் பணத்தைப் பற்றி எங்களில் எவருக்கும் இன்றுவரை கவலை இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

பழைய வாகனம் வாங்கப் போகிறவர்கள் கவரைப் பார்த்து மயங்காதீர்கள். உட்கார்ந்து பாருங்கள், விளிம்பை உள்ளங்கையால் அழுத்துங்கள், அடியில் எட்டிப் பாருங்கள். விற்கிறவர்கள், அவர் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள். பரக்கத் அதில்தான் இருக்கிறது.