ஆடி வாசல்

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. திருவெள்ளறை பெருமாள் கோயிலின் மொட்டைக் கோபுரத்துக்கு எதிரே டீயோடு உட்கார்ந்திருக்கிறேன். கட்டி முடிக்காமல் விட்ட அந்தக் கோபுரத்தின் கற்களில் இளவெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. துறையூர் சாலைப் பக்கமிருந்து இரண்டு சைக்கிள்கள் வந்து நிற்கின்றன.

முன்னால் வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். பின்னால் வந்த பையனுக்கு இருபத்தைந்துக்குள். "பாத்து இறங்குங்க மாமா" என்று அவன் சொல்வதற்குள் இறங்கிவிட்டவர், இரண்டு கைகளையும் உதறுகிறார். ஈரத் துணியை உதறுவதுபோல் அப்படியோர் உதறல். பிறகு பிடரியை அழுத்திக்கொள்கிறார்.

இரண்டு சைக்கிளுக்கும் ஆட்டுக்கொம்பு போல் வளைந்த ஹேண்டில்பார். தூரத்தில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். கிட்டே வந்தால்தான் குணம் தெரிகிறது. மாமாவுடையது ரேஸ் சைக்கிள். ஹேண்டில்பார் சீட்டைவிட நாலு விரல் தாழ்ந்து, எட்டிப் பிடிக்கும்படி முன்னால் தள்ளியிருக்கிறது. பையனுடையது நெடுந்தூரத்துக்கானது. ஹேண்டில்பார் ஏறக்குறைய சீட் மட்டத்துக்கு உயர்ந்து, கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒன்றின் டயரில் 25 என்றும் மற்றதில் 32 என்றும் அச்சிட்டிருக்கிறது. ஏழே மில்லிமீட்டர்தான். ஆனால் தடித்த டயரில் காற்றைக் குறைவாக அடித்து ஓட்டலாம். ரோட்டின் அதிர்ச்சியை மணிக்கட்டுக்கு வரவிடாமல் அது தானே வாங்கிக்கொள்ளும்.

"கொள்ளிடம் பாலத்துல என்னா காத்து! குனிஞ்சேன் பாரு, கிழிச்சிக்கிட்டுப் போச்சு" என்கிறார் மாமா. கண் மின்னுகிறது. கல்லூரிக் காலத்தில் வாடகை சைக்கிளை மிதித்துக்கொண்டே இப்படி ஒன்றுக்கு ஏங்கினாராம். முப்பது வருஷத்து ஆசை.

அவர் சொல்வது நிஜம். சமதளத்தில் வேகம் கூடக்கூட, மிதிக்கிற உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளவே போய்விடும். அந்தக் காற்றை மறிப்பதும் பெரும்பாலும் சைக்கிள் அல்ல, நம் உடம்புதான். உடம்பை மடக்கினால் காற்று வழிவிடும். ஆனால் மடங்குகிற உடம்பு வேண்டும்.

பையன் எதிர்த்துப் பேசவில்லை. "டிசம்பர்ல 200 கிலோமீட்டர் பிரெவேன்னு ஒரு சைக்கிள் ஓட்டம் இருக்கு மாமா. பதிமூன்றரை மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். அதுல முதல்ல வர்றவனுக்குப் பரிசெல்லாம் கிடையாது. நேரத்துக்குள்ள வந்து சேரணும், அவ்வளவுதான். அதுக்குத்தான் இதை வாங்கினேன்" என்கிறான். சட்டைப் பையிலிருந்து ஆலன் கீயை எடுத்துத் தன் சீட்டை மாமாவின் உயரத்துக்கு இறக்குகிறான். "கேணி வரைக்கும் ஒரு சுத்து போய்ட்டு வாங்க."

பல்லவன் தந்திவர்மன் காலத்தில், சுமார் 1200 ஆண்டுகளுக்கு முன் வெட்டிய ஸ்வஸ்திக வடிவக் கேணி அது. நாலு பக்கமும் படி இறங்கினாலும் தண்ணீர் ஒன்றுதான். மாமா போகிறார். பத்து நிமிடத்தில் திரும்புகிறார். வந்தும் இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி நிற்கிறார். கைகளைப் பார்க்கிறேன். உதறவில்லை. ஹேண்டில்பார் மேல் இரண்டு புறாக்கள் போல் அமைதியாக அமர்ந்திருக்கின்றன.

அவரும் ஒன்றும் சொல்லவில்லை, பையனும் கேட்கவில்லை.

மாமா துளசி மாலை வாங்கும்போது பூக்கார அம்மா சொல்கிறார்: "போன தடவை போன வாசல் இப்ப கிடையாதுங்கய்யா. ஆடி பொறந்துருச்சுல்ல, தட்சிணாயன வாசல் வழியாத்தான் போகணும். இனிமே தை பொறந்தாத்தான் அது தொறக்கும்."

தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். உள்ளே நிற்பவர் அதே புண்டரீகாட்சப் பெருமாள்தான். எந்த வாசல் உசத்தி என்று இங்கே யாரும் கேட்பதில்லை. காலம் ஒன்றைச் சாத்தும்போது இன்னொன்றைத் திறந்துதான் வைக்கிறது.

மாமா மாலையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கோயிலின் பதினெட்டுப் படியை நோக்கி நடந்தார்.

அவர்கள் வெளியே வரும்போது என் இரண்டாவது டீயும் முடிந்திருந்தது. பையன் தன் சைக்கிளுக்குக் கை நீட்டினான். மாமாவின் கை அதற்கு முன்பே அங்கே இருந்தது.

"இதுலயே வர்றேன்டா. அதை நீ ஓட்டு. வளையற உன் முதுகு இருக்கும்போது அது சும்மா கிடக்கக் கூடாது. மார்கழிக்குள்ள நானும் இந்த மாதிரி ஒண்ணு வாங்கிடறேன். அந்த 200க்கு ரெண்டு பேருமா போவோம்."

பையன் ரேஸ் சைக்கிளின் சீட்டை ஏற்றிக்கொண்டு, வில்லாக வளைந்து புறப்பட்டான். மாமா பின்னால் போனார். வரும்போது முன்சக்கரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தவர், இப்போது நிமிர்ந்திருந்தார். தெருமுனை திரும்புமுன் தலையைத் திருப்பி, மொட்டைக் கோபுரத்தை ஒருமுறை முழுசாகப் பார்த்தார்.